ரிலேயைத் தாண்டிப் போட்ட ஒயர்

அந்த வியாழக்கிழமை மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

இறந்தவருடைய மனைவி. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இறந்தவருடைய தம்பி. வாசல்படிக்கும் பெட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

கோயில் உபதேசியார். ஜெபமாலை சொல்லி முடித்து, அப்போதுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. புதன்கிழமை காலையிலிருந்து அந்த வீட்டுக்கு டீயும் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

நான். பெட்டியோடு வந்த ஆள்.

பெட்டிக்குள் அவர்.

மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன். பேசுகிறதே கம்மி. எழுதிப் பழக்கமே இல்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

காரைக்காலில் ஒரு பந்தல் கடையில் கரண்ட்டு வேலை பார்க்கிறேன். பந்தல், நாற்காலி, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்குப் போகும். பெட்டி இரண்டு இருக்கிறது. பெட்டி போகிற வீட்டுக்கு நானும் போவேன். பிளக் நல்லதா, எர்த் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக் கொடுப்பேன். சில வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்த ஊரில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிற வீடுகள் நிறைய. அவர்கள் வந்து சேர ரெண்டு நாள், மூணு நாள் ஆகும். அந்த வீடுகளில் பெட்டிக்கு ஒரு ஆள் வேண்டும்.

பெட்டியின் கால்மாட்டில் அடியில் கம்ப்ரசர் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் வோல்டேஜ் ரிலே. வோல்டேஜ் நூற்று எழுபதுக்குக் கீழே போனால் ரிலே கம்ப்ரசரைப் பிரித்துவிடும். அளவுக்கு மேலே போனாலும் பிரித்துவிடும். சிவப்பு லைட்டு எரியும். வோல்டேஜ் திரும்பி வந்தாலும் உடனே சேர்க்காது. மூணு நிமிஷம் நின்று பார்த்துத்தான் சேர்க்கும். கேஸ் அடங்குவதற்கு அந்த நேரம் வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கும். அதோடு சரி. மோட்டார் அப்படி இல்லை. குறைந்த வோல்டேஜிலும் அதே வேலையைச் செய்யப் பார்க்கும். முடியாது. கரண்ட்டைக் கூட இழுக்கும். உள்ளே சுற்றியிருக்கிற கம்பி சூடாகும். கம்பியின் மேல்பூச்சு கருகும். ஒரு சுற்றும் இன்னொரு சுற்றும் ஒட்டிக்கொள்ளும். அதோடு போச்சு.

பெட்டி கடைக்கு வந்தபோது அதில் ரிலே இல்லை. ஒரு கோடையில் ஒரு கம்ப்ரசர் எரிந்தது. அதற்கப்புறம் ரெண்டு பெட்டிக்கும் நான்தான் ரிலே வாங்கி மாட்டினேன். முதலாளி எதற்கு வெட்டியாக என்றார். வேண்டும் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. மாட்டினேன்.

கடைக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் நெடுங்காட்டுப் பக்கம் பம்ப்செட்டு வேலை. அங்கேயும் ஸ்டார்ட்டர் பெட்டியில் ரிலே உண்டு. ஒரு பேஸ் போனாலோ வோல்டேஜ் குறைந்தாலோ மோட்டாரை நிறுத்திவிடும். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடுவார்கள். எல்லாரும் போட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். ரிலே எடுக்காது. நாற்று காயும். என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு பெரியவர் சொல்வார், "நீ வச்ச காவக்காரன் ஊட்டுக்காரனையே உள்ள விடமாட்டேங்கிறான். அவனை மொதல்ல தூக்கு."

தூக்குவேன். ஒரு முழம் ஒயரை எடுத்து ரிலேக்கு வருகிற முனையையும் போகிற முனையையும் சேர்த்துவிடுவேன். டைரக்ட் பண்ணுவது என்று பெயர். அந்தப் பக்கம் டைரக்ட் பண்ணாத ஷெட்டு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓடுகிற வரை ஓடும். எரிந்தால் மோட்டாரைக் கழற்றி டூவீலரில் வைத்து ரீவைண்டிங் கடையில் போடுவார்கள். ரெண்டு நாளில் கம்பி சுற்றிக் கொடுத்துவிடுவான். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. பயிர் பிழைத்தால் போதும்.

அந்தப் பழக்கம் கையில் இருந்தது. கையில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூளைக்குத் தெரியும், பெட்டிக் கம்ப்ரசர் வேறு என்று. அதை வெல்டு வைத்து மூடியிருப்பார்கள். எரிந்தால் யாரும் சுற்றித் தர முடியாது.

இறந்தவரை எனக்குத் தெரியும். கோவில்பத்தில் சொல்தா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் வீட்டில் ஃபேன், மோட்டார் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் ஏணியில் ஏறினால் கீழே நின்று ரெண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொள்வார். இறங்குகிற வரைக்கும் விடமாட்டார். வேறு எந்த வீட்டிலும் எனக்கு யாரும் ஏணி பிடித்ததில்லை.

கடைசியில் கிட்னி கெட்டுப்போய் உடம்பில் நீர் கோத்திருந்தது. புதன்கிழமை விடியற்காலையில் உயிர் போனது. எட்டு மணிக்கு நான் பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

அவருக்கு ஒரே மகள். பிரான்சில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலை. போய்ப் பதினோரு வருஷத்தில் ரெண்டு தடவை வந்தவர். பிரெஞ்சு பாஸ்போர்ட். இங்கே வர விசா வேண்டும். அது வந்து, விமானத்தில் இடம் கிடைத்து, சென்னையில் இறங்கி, கார் பிடித்து வந்து சேரச் சனிக்கிழமை காலை ஆகிவிடும் என்று புதன்கிழமையே தெரிந்துவிட்டது.

இறந்தவருடைய தம்பி போனைப் பெட்டிக்கு நேரே பிடித்து வீடியோவில் முகத்தைக் காட்டப் போனார். மகள் வேண்டாம் என்றார். போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"போன்ல வேணாம் சித்தப்பா. நான் வந்து பாத்துக்கிறேன். அதுவரைக்கும் பப்பாவை அப்படியே வச்சிருங்க."

இறந்தவருடைய மனைவி, அந்த அம்மா, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சனிக்கிழமை என்ன, திங்கட்கிழமை வரைகூட வைக்கலாம். பெட்டி நல்ல பெட்டி.

புதன்கிழமை முழுக்க ஓடியது. இரவும் ஓடியது. வியாழன் காலையில் வெயில் ஏறியதும் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வைகாசி வெயில். பன்னிரண்டு மணிக்கு மேல் டக்கென்று ஒரு சத்தம். ரிலே பிரித்துவிட்டது. பெட்டி நின்றது.

சாவு வீட்டில் பெட்டியின் சத்தத்தை யாரும் கவனிப்பதாகத் தெரியாது. நின்றால்தான் தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அழுகிறவர்கள் கூடுதலாக அழுவார்கள். எல்லா வீட்டிலும் இது உண்டு. மதம், ஜாதி எதுவும் கிடையாது இதில்.

கொஞ்ச நேரத்தில் வோல்டேஜ் வந்தது. மூணு நிமிஷம் நின்று ரிலே சேர்த்தது. பெட்டி ஓடியது. உடனே மறுபடி பிரித்தது. இப்படி மூணு தடவை.

அவருடைய தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்ப்பா, இது ஐஸ் பெட்டியா, மாதா கோயில் திருநாளுக்குப் போடுற சீரியல் செட்டா? எரியுது, அணையுது."

லோ வோல்டேஜ் என்றேன்.

"எப்ப ஓடும்?"

வோல்டேஜ் வந்தால் ஓடும் என்றேன்.

"எப்ப வரும்?"

தெரியாது என்றேன்.

"ஜோசியக்காரன்கூட ஒரு நேரம் சொல்வான். நீ அதுகூட இல்லியே."

நான் வெளியே போய் முதலாளிக்குப் போன் பண்ணினேன். ஜெனரேட்டர் திருநள்ளாற்றில் ஒரு கல்யாணத்தில் நிற்கிறது, பந்தி முடிந்ததும் ஏற்றி அனுப்புகிறேன், ரெண்டு மணிக்குள் வந்துவிடும் என்றார். சரி என்று வைத்தேன்.

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி ஒரு நாளுக்கு மேல் ஓடி உள்ளே நன்றாகக் குளிர் பிடித்திருக்கிறது. மூடியைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் அப்படியே நிற்கும். ரெண்டு மணிக்கு ஜெனரேட்டர் வருகிறது. பயம் ஒன்றும் இல்லை. மாலை போடுகிறேன், முத்தம் கொடுக்கிறேன் என்று யாரும் மூடியைத் தூக்காமல் இருந்தால் போதும். இவ்வளவுதான். ஐந்தாறு வார்த்தை.

உள்ளே வந்தேன். உபதேசியார், வேறு ஏதாவது வழி இருந்தால் பாருங்கள் என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா தம்பிக்காரரைப் பார்த்து, மௌத்தான வீட்டில் அவரை ஏன் பிடுங்குகிறீர்கள், சும்மா இருங்கள் என்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"மூடி தொறக்காம இருந்தா குளிர் நிக்கும்ல, தம்பி?"

கேட்க வேண்டிய கேள்வியை அந்த ஒரு ஆள்தான் கேட்டார். நான் "ம்" என்றேன். அது அவருக்கே கேட்டதோ என்னவோ.

தம்பிக்காரர், ஃப்ரிட்ஜில் வைத்த மீனே கரண்ட்டு போனால் ஒரு மணி நேரத்தில் நாறுகிறது என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுவரைப் பார்த்து நின்றார். மீன் என்ற வார்த்தை தலைமாட்டில் இருந்த அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். புதன்கிழமையிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. அப்போதுதான் பேசினார்.

"தம்பி, அவ வந்து பாக்கணும். ஏதாவது பண்ணு."

நான் பையைத் திறந்தேன். சிவப்பு ஒயர் ஒரு துண்டு எடுத்தேன். ரெண்டு முனையையும் சீவினேன். பிளக்கை உருவிவிட்டு டப்பாவைத் திறந்து ரிலேயைத் தாண்டி டைரக்டாகக் கொடுத்தேன். பிளக்கைப் போட்டேன். கம்ப்ரசர் முனகியது. எடுத்துக்கொண்டது. ஓடியது.

சத்தம் சரியில்லை. எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குச் சத்தம் இருந்தால் போதும். அந்த அம்மா போய் உட்கார்ந்தார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். தம்பிக்காரர் என் தோளில் தட்டினார்.

"இதத்தானே அப்பவே பண்ணச் சொன்னேன்."

அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் முகம் மகளுக்குக் கிடைக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஒயரை மாட்டியது நான்.

நான் கால்மாட்டிலேயே குந்தியிருந்தேன். கம்ப்ரசர் மேல் கையை வைத்தேன். சூடு. கொஞ்சம் கழித்து வைத்தேன். கை வைக்க முடியவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் சத்தம் நிற்கும். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் முதலில் வாடை தெரிந்தது. என்னவோ தீய்கிறது, அடுப்பில் ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டார். அடுப்பு அந்த வீட்டில் பற்றவைக்கவே இல்லை. நான் பிளக்கை உருவினேன். அதற்குள் அது தானே நின்றிருந்தது.

டப்பாவைத் திறந்து ஒயரைக் கழற்றினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது யாரும் பார்க்காதபடி செய்த காரியம். அதையும் எழுத வேண்டும்.

"என்னாச்சு?" என்று தலைமாட்டிலிருந்து அந்த அம்மா கேட்டார்.

"கம்ப்ரசர் போச்சும்மா."

"எதனால?"

"வோல்டேஜ்."

பொய் இல்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. முதலாளியிடம் போனில் உள்ளதைச் சொன்னேன். கரண்ட்டு கோளாறு என்றே இருக்கட்டும், வேறு எதுவும் பேசாதே என்றார். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

ரெண்டு மணிக்கு முன்னாலேயே ஜெனரேட்டர் வந்துவிட்டது. ஓட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

எங்களுடைய இன்னொரு பெட்டி நெடுங்காட்டில் ஒரு வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எடுத்தால்தான் கிடைக்கும். முதலாளி மற்ற கடைகளுக்கெல்லாம் போன் பண்ணினார். திருநள்ளாற்றுக் கடைப் பெட்டி வெளியே போயிருந்தது. நாகப்பட்டினத்திலும் அப்படியே. அந்த வாரம் வெயிலுக்கு வயசானவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் ஒரு நாள் வைக்கலாம், நான் பேசிப் பார்க்கிறேன் என்று உபதேசியார் சொன்னார். அந்த அம்மா சம்மதிக்கவில்லை.

"அவரு ஆஸ்பத்திரியில சாகல. வீட்டுல செத்தாரு. வீட்டுலேர்ந்துதான் போவாரு."

நான் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் பார் வாங்கி லோடு ஆட்டோவில் கொண்டுவந்தேன். படகுக்கு ஏற்றுகிற ஐஸ். சாக்கில் போட்டு உடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டிக்குள் ரெண்டு பக்கமும் தலைமாட்டிலும் அடுக்கினேன். ஐஸ் வைக்க மூடியைத் திறக்க வேண்டும். கரைந்ததை எடுக்கத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வைகாசிச் சூடு உள்ளே போகும். வேறு வழி இல்லை. தம்பிக்காரர் என்னோடு சேர்ந்து ஐஸ் உடைத்தார். கை மரத்துப்போகும் வரைக்கும் உடைத்தார். அதற்கப்புறம் அவர் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நெடுங்காட்டுப் பெட்டி வந்தது. கழுவித் துடைத்து வாசலில் இறக்கினோம். மாற்றிவிடலாம் அம்மா என்றேன்.

அவர் எழுந்து வந்து மூடிக்கு மேலே இருந்த துணியை விலக்கிப் பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மூடியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். நீர் கோத்த உடம்பு. இருபத்தொரு மணி நேரம். முகம் கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வீங்கி, ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏணி பிடித்த மனுஷனின் முகமாக அது இல்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பிறகு தம்பிக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்த மொகத்த அவ பாக்க வேணாம். இன்னிக்கே எடுத்துடுவோம்."

தம்பிக்காரர் அழுதார். அவள் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பாள், இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடலாம் அண்ணி என்றார். அந்த அம்மா வேண்டாம் என்றார். சொன்னால் வழியெல்லாம் அழுதுகொண்டு தனியாக வருவாள், வந்தபிறகு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

புதுப் பெட்டி வாசலிலேயே நின்றது. அதற்கு வேலை இல்லை. குளிரை நிறுத்தி வைக்கத்தான் பெட்டிக்குத் தெரியும். கெட்டதைத் திருப்பத் தெரியாது.

நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். சவப்பெட்டியை மூடித்தான் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கோயிலிலும் திறக்கவில்லை. கல்லறையிலும் திறக்கவில்லை. மண் போட்டோம். நானும் ஒரு பிடி போட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகள் வந்து இறங்கினார். நான் வாசலில் ஜெனரேட்டர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கார் நின்றது. அவர் இறங்கிக் கூடத்தைப் பார்த்தார். வாசலிலிருந்தே தெரியும், கூடத்தில் பெட்டி இல்லை, தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போனார். கூச்சல் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேபிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தத் தெரு லைன்மேனை டீக்கடையில் பார்த்தேன். வியாழக்கிழமை என்ன ஆச்சு என்று கேட்டேன். பக்கத்து டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்தது, அதன் லோடையும் இந்தத் தெரு டிரான்ஸ்பார்மரிலேயே போட்டிருந்தோம், அதுதான் இழுத்துவிட்டது, வேலை முடிந்ததும் பிரித்துவிட்டோம், வோல்டேஜ் சரியாகிவிட்டது என்றார். எத்தனை மணிக்குப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். எதற்கு என்றார். சும்மா என்றேன். மேலே இருக்கிறவருக்கு அனுப்பிய மெசேஜை எடுத்துக் காட்டினார். நேரம் இருந்தது. என் போனில் நான் முதலாளியைக் கூப்பிட்ட நேரம் இருந்தது. அதை முடித்து உள்ளே போய் ஒயரை மாட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பந்தலைப் பிரிக்கப் போனோம். கூட வந்தவர்கள் கம்பைப் பிடுங்கினார்கள். நான் டியூப் லைட்டுகளைக் கழற்றினேன். மகள் வெளியே வந்து நின்றார். கறுப்புப் புடவை. கண் வீங்கியிருந்தது. பேச்சு நிதானமாக இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

கிணற்றடிப் பக்கம் போனோம். சித்தப்பா கரண்ட்டு சதி பண்ணிவிட்டது என்கிறார், அம்மா கடவுள் சித்தம் என்கிறார், கடைக்காரர் போனில் கம்பெனி டிஃபெக்ட் என்கிறார், நீங்கள்தான் கூடவே இருந்தீர்களாம், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன். ரிலே என்ன செய்யும் என்று சொன்னேன். அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது என்று சொன்னேன். நான் அதைத் தாண்டி ஒயர் போட்டதைச் சொன்னேன். சூடு தெரிந்தும் நிறுத்தாமல் இருந்ததைச் சொன்னேன். ஒயரைப் பையில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கேட்டு முடித்ததும் கேட்டார்.

"உங்கள யாரு பண்ணச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

"அம்மா ஏதாவது பண்ணுன்னு சொன்னாங்களாம். சித்தப்பா சொன்னாரு."

அம்மாவிடம் நானே போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம்ண்ணே. அவங்களுக்கு ஒயரு, ரிலே எல்லாம் புரியாது. நான்தான் பண்ணச் சொன்னேன், நான்தான் ஆஸ்பத்திரிக்கு வேணாம்னேன்னு மட்டும் புரியும். அவங்க இருக்கிறவரைக்கும் சொல்லாதீங்க."

சரி என்றேன். அந்த அம்மா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். ஃபேனுக்கும் மோட்டாருக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். போவேன். காபி கொடுப்பார். குடிப்பேன். ஒன்றும் சொன்னதில்லை. போன மாசி மாசம் இறந்துபோனார். பெட்டி நான்தான் கொண்டுபோனேன். மகள் பக்கத்திலேயே இருந்தார், ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். அந்த அம்மா போய்விட்டதால்தான் இப்போது எழுத முடிகிறது.

அந்தத் திங்கட்கிழமை கிணற்றடியில் அவர் போகாமல் நின்றார். இன்னும் ஏதோ கேட்க இருந்தது. வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ணாம சும்மா இருந்திருந்தா?"

"குளிர் நின்னிருக்கும். வோல்டேஜ் தானா வந்துச்சு. ரிலே சேத்திருக்கும்."

"நீங்க ஒயர் போட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரத்துல வந்துச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எப்போதும் சொல்கிற வார்த்தைதான். வாய்க்குச் சுலபமாக வரும். ஆனால் அவருக்கு அப்பாவின் முகம்தான் கிடைக்கவில்லை. கேட்டதற்குப் பதிலாவது கிடைக்கட்டும் என்று சொன்னேன்.

இருபத்தாறு நிமிஷம்.